குறையக்காவின் குறை

ஃபியூஸ் அண்ணன் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவும் சாதாரணச் செவ்வாய் இல்லை, கல்லூரியில் தேர்வு நுழைவுச்சீட்டு கொடுக்கும் நாள். அலுவலகத்து ஜன்னலில் தொடங்கிய வரிசை படியிறங்கி, வளைந்து, சைக்கிள் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. கணினி அறையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. "எலக்ட்ரீசியன் எங்கப்பா? அண்ணனைக் கூப்பிடுங்கப்பா" என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான், அண்ணன் வீட்டில் காலை டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வந்தது.

செய்தி நூலகத்துக்கு வந்தபோது குறையக்கா ஒரு புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"வேலை இருக்கிற நாளாப் பாத்து லீவு போட்டுட்டாரு பாருங்க" என்றார். குரலில் வழக்கமான எரிச்சல்தான் இருந்தது. ஆனால் முத்திரை குத்திய கை நிற்கவில்லை. ஒரே பக்கத்தில், ஒரே கட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்திக்கொண்டே இருந்தது. எதிரே நின்ற மாணவி மெதுவாகப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு போனாள். அதைத் திருப்பித் தர வேண்டிய தேதி என்னவென்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு ஃபியூஸ் என்ற பெயர் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியின் மின்விசிறி, மணி, தண்ணீர் மோட்டார், மைக் எல்லாம் அவர் பொறுப்பு. கெட்டிக்காரர்தான். எதில் என்ன கோளாறு என்று எட்ட நின்று காது கொடுத்துக் கேட்டே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். அந்த நாளை வந்ததாகச் சரித்திரம் இல்லை. நூலகத்தில் குறையக்காவின் தலைக்கு நேர் மேலே இருந்த டியூப்லைட் பல வருடங்களாக விட்டு விட்டுத்தான் எரிந்தது. ஏணியைக் கொண்டுவருவார், ஏறுவார், டியூபைத் திருகுவார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், அக்கா திட்டுவார், இறங்கிப் போய்விடுவார்.

குறையக்காவின் பெயர்க் காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சின்னக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, அந்த வருடம் காலமான பழைய மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஊழியர்களையும் நினைக்க ஒரு கூட்டம் நடக்கும். ஆரம்ப காலத்தில் அது எல்லா இடத்திலும் நடப்பது போலத்தான் நடந்தது. நல்லவர், வல்லவர், ஈடு செய்ய முடியாத இழப்பு. ஒரு வருடம் மூன்று பேரைப் பற்றி மூன்று பேர் பேசி, மூன்றும் ஒரே பேச்சாக இருந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "இதுல என் வீட்டுக்காரர் எதுங்க?" என்று கேட்டுவிட்டார். அப்போதைய முதல்வர் அன்று இரவெல்லாம் யோசித்து மறுநாள் ஒரு விதி போட்டார்: இனி யாரைப் பற்றிப் பேசினாலும் அவருடைய குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிறையைச் சொன்னால் யாரென்று தெரியாது, குறையைச் சொன்னால் ஆள் எழுந்து வந்து நிற்பார்.

குறையைச் சேகரிக்கும் வேலை நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணின் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு அதிகம் வேலை இல்லை, வாய் மட்டும் நிறைய இருந்தது. வீடு வீடாகப் போனார், தொலைபேசியில் துளைத்தெடுத்தார். கரும்பலகையில் எழுதி அதற்கு முன்னாலேயே நின்றுகொள்ளும் கணித ஆசிரியர். நகைச்சுவையைச் சொல்லி முடிக்கும் முன்னே தானே விழுந்து விழுந்து சிரித்துவிடுவதால் எந்த நகைச்சுவைக்கும் முடிவு என்ன என்று ஊருக்கே தெரியாமல் போன ஒரு டாக்டர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் உட்காராத ஒரு முன்னாள் முதல்வர். கூட்டத்தில் இதெல்லாம் சொல்லப்படும்போது சிரிப்புச் சத்தத்தில் கூரை போய்விடும். சில சமயம் சிரிப்பு பாதியில் நிற்கும். படிக்கும்போதே இறந்துபோன ஒரு மாணவனுக்காக அவனுடைய அம்மா வந்திருந்தார். "செருப்பைக் கழட்டினா ஒன்னு வாசல்ல கிடக்கும், ஒன்னு நடுக்கூடத்துல கிடக்கும். இப்ப ரெண்டும் ஒழுங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று அக்கா யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

அக்கா பேசாமல் போவது சாதாரண விஷயமில்லை. நூலகத்தில் தும்மினால்கூட முறைப்பாரே தவிர, அவருடைய வாய்க்கு அந்த விதி இல்லை. யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பது அவர்தான். பாதி நேரம் சரியாக முடிப்பார், மீதி நேரம் தப்பாக முடித்துவிட்டு அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார். தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் முக்கியமான சொல்லை முதலிலேயே போட்டுவிடும் பழக்கம் வந்துவிட்டது. "கேஸ் தீர்ந்துபோச்சு அண்ணி, அடுப்புல பால் வெச்சேனா..." என்றுதான் தம்பி மனைவி ஆரம்பிப்பாள். இல்லையென்றால் கேஸ் விஷயம் வெளியே வராது.

இதை அக்காவிடம் யாராவது சொன்னார்களா என்றால், எங்கே சொல்வது? சொல்லி முடிக்க வேண்டாமா?

ஒரு நாள் ஏணி மேலே நின்றுகொண்டு ஃபியூஸ் அண்ணன் கேட்டார். "அக்கா, நான் போய்ட்டா என்னைப் பத்தி யாரு..."

"நான்தான் பேசுவேன். வேற யாரு பேசுவா? உங்க குறையைச் சொல்றதுக்கு ஒரு கூட்டம் பத்தாது."

"அது சரி. ஆனா ஒன்னு. நல்லவர் வல்லவர்னு மட்டும்..."

"சொல்ல மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மைக்கைப் புடுங்கிடுவேன்" என்றார் அண்ணன். "எங்க இருந்தாலும் வந்து புடுங்கிடுவேன். சரி, எனக்கு முன்னாடி நீங்க போய்ட்டா, உங்க குறையை யாரு..."

"எனக்கென்ன குறை?" என்றார் அக்கா. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். அக்காவை ஒரு முறை பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் வராந்தா கடைசி வரை சிரித்துக்கொண்டே போனார். ஏணி நூலகத்திலேயே நின்றது. டியூப்லைட் கண்ணடித்தது.

அப்படிப்பட்டவர் போய்விட்டார். கூட்டம் நெருங்கியது. பேச வேண்டியது அக்கா. என்ன பேசுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 'நாளைக்கு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அரங்கத்தையே சிரிப்பில் உருட்டிவிடலாம். அண்ணனே முன்வரிசையில் வந்து உட்கார்ந்து சிரிப்பது போல் பேசிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். வாக்குக் கொடுத்திருக்கிறாரே.

அந்த நிலையில்தான் அண்ணனின் மனைவி நூலகத்துக்கு வந்தார். வீட்டிலேயே துணி தைப்பவர். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார் போல. அளவெடுக்கும் நாடா கழுத்திலேயே தொங்கியது. நூலகம் என்பதால் செருப்பு சத்தம்கூட வராமல் நடந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

"அக்கா, அவரைப் பத்தி நீங்கதான் பேசப் போறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா. உக்காருங்க. டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி."

"ஒன்னு கேக்கலாம்னு வந்தேன்க்கா. அவரோட குறையை நீங்க..."

"சொல்ல வேண்டாங்கிறீங்க. அவ்வளவுதானே?"

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"புரியுதும்மா. எனக்குப் புரியாதா? அந்த மனுஷன் போயி இன்னும் வருஷம்கூட ஆகல. ஊரே உக்காந்து சிரிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன். தைரியமாப் போங்க."

அந்த அம்மா வாயைத் திறந்தார். மூடினார். தலைக்கு மேலே கண்ணடித்த டியூப்லைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டார்.

அதன் பிறகு அக்காவுக்கு நிம்மதி போயிற்று. வாக்கு ஒரு பக்கம், கழுத்தில் நாடாவோடு வந்து நின்ற அந்த முகம் ஒரு பக்கம். குறையைச் சொன்னால் உயிரோடிருப்பவரைக் குத்தியதாகும். சொல்லாவிட்டால் அண்ணன் அந்தப் பழைய மூன்று பேரில் ஒருவராகப் போய்விடுவார், எது அவர் என்றே தெரியாமல். இத்தனை வருடம் எத்தனை வீட்டில் போய் எத்தனை பேரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்! 'ஒரே ஒரு சின்னக் குறைம்மா, வலிக்காது' என்று ஊசி போடுபவர் மாதிரி பேசிப் பேசிக் கறந்தவர். இந்த ஒரு வீட்டில் மட்டும் அவருக்கு நாக்கு வரவில்லை. வருடக்கணக்காக அண்ணனோடு போட்ட சண்டையை அவர் இல்லாத இடத்தில் போட்டு ஜெயிக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியது.

வீட்டில் ஒத்திகை பார்த்தார். தம்பிதான் கேட்கும்படி ஆயிற்று.

"கடமை தவறாதவர்" என்று ஆரம்பித்தார் அக்கா. சொன்ன வேகத்தில் அவருக்கே புரையேறியது.

"யாரைக்கா சொல்ற?" என்றான் தம்பி.

"சும்மா இருடா. சொன்ன வேலையை உடனே முடிப்பவர்."

"அக்கா, தப்பு. இது வேற யாரோ. நம்ம ஃபியூஸ் அண்ணனைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னியே..."

"அவரைத்தான் சொல்றேன். உனக்குத் தெரியாது, நீ போய்ச் சாப்பிடு."

கூட்டம் நடந்தது. அரங்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் ஒரு நீள மேஜை, அதன் மேல் அந்த வருடத்துப் புகைப்படங்கள். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சங்கச் செயலாளரான கப்பல்காரர் மட்டும் வரவில்லை. படிக்கிற காலத்தில் நூலகத்தில் தூங்குவதையே முழுநேர வேலையாக வைத்திருந்து, இப்போது கப்பலில் இன்ஜினியராக இருப்பவர். நடுக்கடலில் இருந்தார். பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவை நடத்துவது அவர்தான். மேடையில் ஃபியூஸ் அண்ணன் புகைப்படத்தில்கூடக் காதில் பென்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

மைக்கைக் கவனிக்க இயற்பியல் ஆய்வகத்து உதவியாளரைப் போட்டிருந்தார்கள். ஆரம்பத்திலிருந்தே அது சரியில்லை. முதல்வரின் வரவேற்பில் பாதிச் சொல் அரங்கத்துக்கு வந்தது, மீதி முதல்வரிடமே தங்கிவிட்டது. உதவியாளர் ஓடி ஓடி ஒவ்வொரு பொத்தானாகத் திருகினார்.

அக்கா மேடையேறினார். முன்வரிசையில் அண்ணனின் மனைவியும் மகளும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. புகைப்படத்தின் பக்கம் அக்கா திரும்பவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம ஃபியூஸ் அண்ணன் நல்லவர், வல்லவர், கடமை தவறா..."

மைக் செத்துவிட்டது.

கரகரப்புகூட இல்லை. சுத்தமாகப் போய்விட்டது. அரங்கத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ, "அண்ணே, அடிச்சீங்க பாருங்க!" என்று கத்த, சிரிப்பு கிளம்பியது. அக்காவுக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. இப்போது புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார். காதில் பென்சிலோடு அண்ணன் அப்பாவியாக இருந்தார்.

உதவியாளர் குனிந்து, மேடையோரத்தில் ஓடிய வயரை உருவி எடுத்துத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் அது பாம்பு எலியை விழுங்கிய மாதிரிப் புடைத்திருந்தது. கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இன்சுலேஷன் டேப் சுற்றுக்கு மேல் சுற்று. பிரித்துப் பார்த்தால் உள்ளே வயர் முறுக்கியும் முறுக்காமலும் கிடந்தது.

"இதைக் காலால மிதிச்சு அழுத்திட்டே இருந்தாத்தான் சார் மைக் பேசும்" என்றார் உதவியாளர்.

முதல்வர் வாயைப் பிளந்தார். "அப்படின்னா அண்ணன் ஒவ்வொரு கூட்டத்துலயும் அந்த ஓரத்துல அசையாம நின்னது..."

"மரியாதைக்கு இல்ல சார். மிதிச்சுட்டு நின்னிருக்காரு."

அத்தனை வருடமாக, இறந்தவர்களுக்காகத் தலை குனிந்து, ஒரு காலை முன்னால் வைத்து, கடைசிவரை ஆடாமல் அசையாமல் நின்ற அந்த மனிதரைப் பார்த்து எத்தனை பேர் உருகியிருக்கிறார்கள்! 'அவரு மாதிரி ஒரு பக்தி நமக்கு வராதுப்பா' என்று புதிய ஆசிரியர்களுக்கு உதாரணமாகக்கூடக் காட்டியிருக்கிறார்கள்.

அரங்கத்தில் முதலில் சிரித்தது அண்ணனின் மனைவி. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து, மேடைப் பக்கம் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். மைக் இல்லை. சத்தமாகப் பேசினார்.

"எங்க வீட்டு காலிங் பெல், கல்யாணம் ஆன மறுநாளே கெட்டுப்போச்சு. கேட்டேன். நாளைக்குன்னாரு. இதோ இவ பொறந்தா, படிச்சா, வேலைக்கும் போயிட்டா. பெல்லு நாளைக்குத்தான். துணி தைக்கக் குடுக்க வர்றவங்க தட்டித் தட்டி ஜன்னல் கதவே தேய்ஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் கரண்ட்டு பாக்கிறவர் வீட்டுல, ஜன்னலைத் தட்டணும்!"

அரங்கம் அதிர்ந்தது. அவர் காத்திருந்தார். அடங்கிய பிறகு, குரலை அதிகம் உயர்த்தாமல் சொன்னார்.

"போன வாரம் பொண்ணு ஆளைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டா. பெல் அடிச்சுது. எதிர்வீட்டுப் பெல்லுன்னு நெனச்சு நான் தச்சுட்டே உக்காந்திருந்தேன்."

பிறகு அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"இதைத்தான்க்கா அன்னிக்குச் சொல்ல வந்தேன். குறையை நானே சொல்றேன், எனக்கு விட்டுக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

இந்தமுறை எழுந்த சிரிப்பு அண்ணனுக்காக இல்லை, முழுக்க முழுக்க அக்காவுக்காக. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரியே வருடக்கணக்காகச் சொல்ல நினைத்ததை ஒரு தையல்காரம்மா வந்து பட்டென்று சொல்லிவிட்டுப் போகிறாரே! அக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. அவருக்கு வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். படியிறங்கும்போது புகைப்படத்தைக் கடக்கையில் மட்டும், "புடுங்கிட்டீங்க, இல்ல?" என்று முணுமுணுத்தார்.

அதோடு அக்கா திருந்தினாரா? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அண்ணனின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஞாயித்துக்கிழமை..." என்றார்.

"வர்றேன்மா, கண்டிப்பா வர்றேன்."

"ஊருக்குப் போறோம், வீடு பூட்டியிருக்கும்னு சொல்ல வந்தேன்."

சில வருடங்கள் போயின. அக்காவும் ஓய்வு பெற்றார். வழியனுப்பும்போது ஊழியர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். எல்லோருடைய குறையையும் சொன்னவருக்கு உயிரோடு இருக்கும்போதே ஒன்று சொல்லிவிடலாம் என்று, அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழைய மாணவர் குழுவில் போட்டு, கீழே "நூலகத்தில் தும்மினாலும் முறைப்பார்" என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் கறுப்பு வெள்ளைப் படமும் கீழே ஒரு குறையும் வந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். உள்ளூரில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும், சிரித்தார்கள். கப்பல்காரர் அப்போதும் கடலில் இருந்தார். பல நாள் கழித்து ஏதோ துறைமுகத்தில் தொடர்பு கிடைத்துக் குழுவைத் திறந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் படம்.

அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பி மனைவி ஃபோனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள்.

"நீங்க செத்துட்டீங்க அண்ணி, குழுவுல போட்டிருக்காங்க!" வழக்கம்போல முக்கியமானதை முதலில் சொன்னாள்.

அக்கா ஈரக்கையோடு வாங்கிப் பார்த்தார். கப்பல்காரர் எழுதியிருந்தார்: "அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி. நூலகத்தில் நான் தூங்கும்போதெல்லாம் எழுப்பிவிட்டவர். அவருக்காக ஃபியூஸ் அண்ணன் எப்போதோ என்னிடம் பேசிக் கொடுத்தது. நேரம் வரும்போது போடச் சொன்னார்." கீழே ஒரு குரல்பதிவு.

"இந்தத் தூங்குமூஞ்சியை இப்பவே ஃபோன்ல கூப்பிட்டு..."

"கேளுங்க அண்ணி, முதல்ல அதைக் கேளுங்க."

அக்கா அழுத்தினார். தொண்டையைச் செருமும் சத்தம். பின்னால் ஏதோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது.

"குறையக்காவுக்காக ஃபியூஸ் பேசறேன். நீங்க இதைக் கேக்கிறீங்கன்னா அக்கா இல்ல. அதனாலதான் தைரியமாப் பேசறேன்."

"இங்கதான் இருக்கேன், குத்துக்கல்லு மாதிரி!" என்றார் அக்கா.

"இருங்க, முடிக்க விடுங்க" என்றது பதிவு. அக்கா ஃபோனையே வெறித்தார். "பாத்தீங்களா, பழக்கம். இல்லாத ஆளுகிட்டகூட இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கு. அக்காவுக்கு ஒரே ஒரு குறை. யாரையும் பேசி முடிக்க விட மாட்டாங்க. அந்த நூலகத்து டியூப்லைட்டு இருக்கே..."

"நாளைக்குன்னு சொன்னீங்களே அதுதானே?"

"நாளைக்குன்னு நான் சொன்னதைத்தான் ஊரெல்லாம் சொல்லுவாங்க. கோளாறு டியூப்ல இல்ல. சுவத்துக்குள்ள இருக்கு. சுவத்தை உடைக்கணும், நூலகத்தைக் கொஞ்ச நாள் பூட்டணும். அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் ஏணியில ஏறுவேன். சுவருன்னு ஆரம்பிப்பேன். சுவத்து மேல பழி போடாதீங்கன்னு சொல்லிடுவாங்க. இறங்கிடுவேன்."

அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதிவில் மின்விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்காகிட்ட இன்னொன்னும் சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

தம்பி மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணி எதுவும் சொல்லவில்லை. மூச்சுகூட விடாமல், ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மின்விசிறி கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. அண்ணன் எங்கோ ஏணியிலிருந்து இறங்குவது போல ஒரு சின்னப் பெருமூச்சு கேட்டது.

"அது நாளைக்கு."